அண்ணாச்சியோட ஹெரால்டை ஏன் ரோட்டுக்கு எடுக்கல: ஒரு பழைய கார் க்ளப்போட நிகழ்வு ஆய்வு

இதுல யார் பேரும் இல்ல. எறந்துபோனவர அண்ணாச்சின்னே எழுதுதேன், க்ளப்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் வீட்டம்மாவ மதினின்னு. மூத்த ஆளு ஒருத்தர் போனதும் அவர் வண்டிய என்ன செய்யுததுன்னு எல்லா க்ளப்புக்கும் ஒரு நாள் கேள்வி வரும், அதனால நடந்தத நடந்த வரிசையில எழுதி வைக்கேன்.

பின்னணி

எங்க க்ளப் பெரிய க்ளப் எல்லாம் இல்ல. பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன், அம்பை (அம்பாசமுத்திரம்), தென்காசி, தூத்துக்குடின்னு அங்கங்க பழைய வண்டி வச்சிருக்குத ஆளுங்க, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வெள்ளன கெளம்பி எங்கயாவது போயி டிபன் சாப்ட்டுட்டு வெயில் ஏறுததுக்குள்ள வீட்டுக்கு வந்துருதது, அவ்வளவுதான். அம்பாசிடர்தான் ஜாஸ்தி, அதுக்கடுத்து பத்மினி, கொஞ்சம் வில்லிஸ் ஜீப்பு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணே ஒண்ணு, அது அண்ணாச்சியோடது.

அண்ணாச்சி மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். க்ளப்ப ஆரம்பிச்சது நாலு பேரு, ஆனா நடத்துனது அவர் ஒருத்தர்தான், இத மத்த மூணு பேருமே ஒத்துக்கிடுவாவ. எந்த பார்ட் எங்கன கெடைக்கும், எந்த லேத்துல புஷ் கடைஞ்சு குடுப்பாவ, யார் வண்டிக்கு எப்ப ஆர்.சி. புதுப்பிக்கணும், எந்த ஆளுகிட்ட கார்புரேட்டர குடுத்தா அத திரும்ப வாங்க முடியாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நமக்கு ஒரு டவுட்டுன்னா போன் போட வேண்டியது, அவர் சொல்லுவார், முடிஞ்சிது சோலி. இதுல இருந்த ஆபத்து அப்ப யாருக்கும் தெரியல.

ஹெரால்டு பத்தி தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இந்த வண்டியோட அமைப்புதான் பின்னாடி எல்லா முடிவுக்கும் காரணமாச்சு. இங்கிலாந்துல ட்ரையம்ப் ஹெரால்டா 1959ல வந்தது, 1961ல இருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு விட்டாவ. 948 சிசி எஞ்சின், சிங்கிள் சோலெக்ஸ் கார்புரேட்டர். பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே பீஸா முன்பக்கம் தூக்கிட்டு நிக்கும், உள்ள எஞ்சின், சஸ்பென்ஷன், முன் வீல் எல்லாம் பட்டவர்த்தனமா தெரியும், டயர் மேலயே உக்காந்து வேல பாக்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள்ள சுத்தித் திரும்பிரும். அண்ணாச்சி பாளையங்கோட்டை தெற்கு பஜார்ல ஒரே வெட்டுல யூ டர்ன் அடிச்சு பின்னால வந்த ஆட்டோக்காரர்கிட்ட ஏச்சு வாங்குனத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அவரோடது 1966 மாடல், ரெண்டு கதவு. நாலு கதவு ஹெரால்டு 1968ல வந்துது, அத அவர் கணக்குலயே சேக்க மாட்டார்.

2023 வெள்ளம்

இவர் போனதுக்கு இத்தன பேரு ஏன் அப்படி ஒடஞ்சு போனாவன்னு கேட்டா, 2023 டிசம்பர் 17, 18 தேதிய சொல்லாம முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பக்கத்துல மழ கொட்டுச்சே அந்த வெள்ளம். தாமிரபரணி ஏறி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணி, எங்க ஆளுங்க நெறய பேரு வண்டி சீட்டு மட்டத்துக்கு முங்கிப் போச்சு. போன் சிக்னல் வந்ததும் அவர் எல்லாருக்கும் சொன்ன மொத வார்த்த, "சாவியப் போட்டுராதீங்க வே, செல்ஃப தொட்டுராதீங்க." சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளஞ்சிரும். தண்ணி வடிஞ்சதும் ஒவ்வொரு வீடா வந்தார், ப்ளக் எல்லாத்தையும் கழத்தி எஞ்சின கையால சுத்தி தண்ணிய வெளிய எடுத்து, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில் எல்லாத்தையும் வடிச்சு, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியக் கழத்தி வெயில்ல காய வச்சு, வீல் பேரிங் கிரீஸ மாத்தி. எழுபது தாண்டுன மனுஷன், சேத்துக்குள்ள படுத்துக்கிட்டு. அன்னைக்கு அவர் பேச்ச கேட்டவங்க எஞ்சின் அத்தனையும் பொழச்சுது, பொறுமையில்லாம அடிச்சுப் பாத்த ஒரு வண்டிக்கு மட்டும் எஞ்சின் எறக்க வேண்டியதாச்சு.

2024 தீபாவளி சமயத்துல ஒடம்பு முடியாம போச்சு. அதுக்கப்புறம் ஹெரால்டு ஷெட்டுக்குள்ளதான். நடுவுல வெளிநாட்டுல இருந்து மகன் வந்தப்ப, அப்பா வண்டி சும்மா நிக்கேன்னு ஒரு பொது ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி ஃபுல் சர்வீஸ் பண்ணி கொண்டுவந்து நிறுத்துனார். நல்ல எண்ணத்துல செஞ்சதுதான்.

முதல் கேள்வி

2025 மே மாசம் அண்ணாச்சி தவறிட்டார். சேதி கேட்டு அவர் வீட்டு முன் தார்சாவுல (வராந்தாவுல) நாங்க நிக்கும்போதே க்ளப்ல எளவட்டங்க ரெண்டு பேரு, அண்ணாச்சிய எடுத்துட்டுப் போகும்போது முன்னால ஹெரால்டு போகணும், ஸ்டார்ட் ஆகலன்னா தள்ளியாவது கொண்டு போவோம்னு நின்னாங்க. அழுதுக்கிட்டே சொல்லுதாங்க, மறுத்துப் பேச யாருக்கும் மனசு வரல.

மூத்தவர் ஒருத்தர்தான் வேண்டாம்னு முடிவா சொன்னார். ஆறு மாசத்துக்கு மேல ஓடாத வண்டி, பிரேக் எப்படி இருக்குன்னு தெரியாது, முன்னாடியும் பின்னாடியும் ஜனம் நடந்து வரும், எறக்கத்துல கை மீறுனா எளவு வீட்டுல இன்னொரு எளவு. கடைசியில எல்லாரும் நடந்துதான் போனோம். இந்த முடிவு சரின்னுதான் இன்னைக்கும் நெனைக்கேன், ஆனா அந்தப் பசங்களுக்கு அன்னைக்கு சொன்ன விதம் கொஞ்சம் கடுப்பா இருந்திருச்சு, அவங்கள தனியா கூட்டிட்டுப் போயி பேசியிருக்கலாம்.

சமாதானத்துக்காக ஒரு வாக்கு குடுத்தோம்: பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும், அதுக்கப்புறம் அவர் நெனவா எல்லா வண்டியும் சேந்து பாபநாசம் வர போவோம், ஹெரால்டு முன்னால போகும். பாத்துட்டு சொல்லுவோம்னு சொல்லாம, போகும்னே சொல்லிட்டோம். அந்த ஒரு வார்த்த அப்புறம் நெறய நெருக்குச்சு.

மேஸ்திரி பாத்தது

விசேஷம் முடிஞ்சு மதினிகிட்ட கேட்டுட்டுதான் ஷெட்ட தொறந்தோம். அண்ணாச்சி வண்டிய வழக்கமா பாக்குத தச்சநல்லூர் மேஸ்திரி வந்திருந்தார்.

சின்னச் சின்ன விஷயம் முதல்ல. பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிச்சுது, கார்புரேட்டர்ல பெட்ரோல் தங்குத ஃப்ளோட் சேம்பர்ல பிசின் மாதிரி படிஞ்சு கெடந்துது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல உள்ள ரப்பர் ஹோஸ் தொட்டா கையில ஒட்டுது, இப்ப பங்க்ல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் இல்ல, ஒழுகி பெடல் பக்கத்துல தடம் இருக்கு. டயர் பாக்க புதுசு மாதிரி, ரோட்டுல படுத கட்டை தேயாம அப்படியே இருக்கு, ஆனா பக்கவாட்டுல உள்ள நாலு எண்ணப் படிச்சா 2014 டயர், வாரம் ரெண்டு எண், வருஷம் ரெண்டு எண், அப்படித்தான் பாக்கணும். இதெல்லாம் பணம் போட்டா ரெண்டு வாரத்துல தீருத வேலதான்.

பெரிய விஷயம் பானெட்ட தூக்குனதும் வந்துது. மேஸ்திரி முன் வீல் பக்கத்துல குனிஞ்சு பாத்துட்டு, "யாரு இங்கன கிரீஸ் அடிச்சது?"ன்னு கேட்டார். கோவமா கேக்கல, பயந்து கேட்டார்.

ஹெரால்டு முன் சஸ்பென்ஷன்ல வீல தாங்குத செங்குத்து கம்பி ஒண்ணு உண்டு, அதோட கீழ் நுனியில மரை வெட்டி ஒரு பித்தளை உருப்படிக்குள்ள முறுக்கி வச்சிருக்கும், அதுக்குப் பேரு ட்ரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலதான் வீல் சுத்துது, முன்பக்கத்து பாரமும் அது மேலதான். இதுக்கு கிரீஸ் போடவே கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் போடணும், கம்பெனி சொன்னதே அதுதான். கிரீஸ் அடிச்சா மரைக்குள்ள கீழ வர எறங்காது, மேல அடச்சு காஞ்சிரும், தண்ணி மட்டும் உள்ள தங்கி இரும்பு மரைய அரிக்கும். ஒரு நாள் சும்மா திருப்பத்துல திருப்பும்போது கம்பி ஒடஞ்சு வீல் வண்டிக்கு அடியில மடங்கிக்கிடும். அந்த இடத்துல பொதுவா மூடி மாதிரி ஒரு ப்ளக் இருக்கும், ஆயில் விடும்போது மட்டும் கழத்தணும். சர்வீஸ் பண்ணுன ஒர்க்‌ஷாப்புல ப்ளக்க கழத்தி நிப்பிள் மாட்டி கன்னால கிரீஸ் ஏத்தி விட்டிருக்காவ. அம்பாசிடர், ஜீப்பு பாக்குத எந்த மெக்கானிக்கும் அதத்தான் செய்வான், அவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அண்ணாச்சிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. ஒரு எண்ணெய் சமாச்சாரம் ரெண்டு பேரு மண்டையில மட்டும் இருந்துது, அதுல ஒருத்தர் போயிட்டார்.

கழத்திப் பாத்ததுல எடது பக்கம் மரை துரு ஏறி கரும்புள்ளி புள்ளியா அரிச்சிருந்துது. வெள்ளத்துல தண்ணி நின்ன வண்டி வேற. வலது பக்கம் பரவால்ல, ஆனா நம்ப முடியாதுன்னுட்டார்.

பேப்பர்

அண்ணாச்சி ஃபைல் எல்லாம் ஒரு தகர பொட்டியில அடுக்கா இருந்துது. அதுல பாத்தா ஹெரால்டோட ஆர்.சி. காலாவதி. சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சதும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்லா, அவர் ஆஸ்பத்திரியில கெடந்த சமயத்துல அந்தத் தேதி தாண்டிருச்சு. எல்லாருக்கும் தேதி ஞாபகப்படுத்துன மனுஷனுக்கு ஞாபகப்படுத்த ஆளில்ல.

சிலர் 50 வருஷம் தாண்டுன வண்டிதான, விண்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுருவோம்னாங்க. 2021ல வந்த விதிப்படி போடலாம்தான், நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், பத்து வருஷம் செல்லும், புது பதிவுக்கு 20,000 ரூபா. ஆனா அதுக்கப்புறம் வண்டிய கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம், தெனப்படி ஓட்ட முடியாது. அண்ணாச்சி உசுரோட இருக்கும்போதே அத வேண்டாம்னவர், காய்கறி வாங்கப் போகாத கார் எனக்கெதுக்குன்னு கேப்பார். அதனால அத அவர் வீட்டு முடிவுக்கே விட்டோம்.

இன்னொண்ணு, ஓனர் எறந்துட்டா வண்டிய வச்சிருக்குத வாரிசு 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு தகவல் சொல்லணும், மூணு மாசத்துக்குள்ள ஃபார்ம் 31 போட்டு பேர் மாத்தணும். இன்சூரன்ஸும் எறந்த தேதியில இருந்து மூணு மாசம், இல்ல பாலிசி முடியுத தேதி, எது முந்துதோ அது வரைக்கும்தான் செல்லும். இத க்ளப்ல பாதி பேரு அப்பதான் மொத மொதல்ல கேக்காவ. மதினிக்கு தகவல் கடிதாசி எழுதிக் குடுத்து உடனே அனுப்ப வச்சோம், நாள் நெருங்கிட்டு. வாரிசு சான்றுக்கு தாலுகா ஆபீஸ்ல மனு போட க்ளப்ல ஒருத்தர் கூடப் போனார்.

முடிவும் காரணமும்

க்ளப் மூணா பிரிஞ்சுது. முப்பதுல பைய போனா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு கட்சி. ரெக்கவரி லாரி மேல ஏத்தி முன்னால கொண்டு போவோம்னு ஒரு கட்சி. எதையும் தொடாதீங்க, ஷெட்டுலயே இருக்கட்டும்னு மகன் போன்ல.

மொத யோசனை மேஸ்திரி பேச்சோட அடிபட்டுது. ட்ரன்னியன் ஒடையுததுக்கு வேகம் தேவையில்ல, முழு லாக்குல, அதாவது ஸ்டியரிங்க கடைசி வர திருப்புனாலே போதும்னுட்டார், பாரம் அப்பதான் அங்க ஜாஸ்தி. ஆர்.சி. இல்லாத வண்டி வேற, எதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கேக்குத கேள்விக்கு மதினிதான் பதில் சொல்லணும். இந்தக் காரணத்த சொன்னதும்தான் பசங்க எறங்கி வந்தாங்க.

லாரி யோசனை எல்லாருக்கும் புடிச்சிருந்துது, எனக்கும்தான். ஆனா தெரு குறுகல், லாரி உள்ள வராது, ஹெரால்ட தள்ளிட்டு தெரு முக்குல ஒடச்சு திருப்பித்தான் மெயின் ரோட்டுக்கு கொண்டு வரணும். அந்த ஒடச்சு திருப்புததுதான் கூடாதுன்னு இப்பதான பேசிட்டு இருக்கோம்.

மதினிதான் முடிச்சு வச்சாவ. "ஏன் அத அங்கயும் இங்கயும் இழுக்கீங்க? வாசலுக்கு நேரா எடுத்து நிறுத்துங்க, உங்க வண்டிய எல்லாம் இங்கன கொண்டு வாங்க. எல்லாத்தையும் அவுகதான வந்து வந்து பாத்தாவ?" ஷெட்டு வாசலுக்கு நேர்கோடுதான், ஸ்டியரிங் தொடாம தள்ளுனா போதும். அப்படியே முடிவாச்சு. ஹாரன் அடிச்சு சல்யூட் வைக்கலாம்னு ஒரு பேச்சு இருந்துது, அதையும் அவங்க வேண்டாம்னுட்டாவ, பக்கத்து வளவுல கைப்புள்ள இருக்காம். ஃப்ளெக்ஸ் போர்டுக்கு வசூலான பணத்த அப்படியே வச்சோம்.

அந்த ஞாயித்துக்கிழமை

ஜூன் கடைசியில, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு நடத்துனோம். வெள்ளன ஆறு மணிக்கெல்லாம் ஹெரால்ட வாசல்ல நிறுத்தி பானெட்ட தூக்கி வச்சாச்சு. வண்டிங்க ஒண்ணொண்ணா தெருவுக்குள்ள வந்து ரெண்டு நிமிஷம் நின்னு அடுத்த முக்கு வழியா வெளிய போச்சு. பேச்சு, மைக்கு எதுவும் கெடையாது, மேஸ்திரி மட்டும் பானெட் பக்கத்துல நின்னுக்கிட்டு வாரவங்களுக்கெல்லாம் அந்த ட்ரன்னியன காட்டிக்கிட்டே இருந்தார். அதுதான் ரொம்பப் பொருத்தமா இருந்துதுன்னு பல பேரு அப்புறம் சொன்னாங்க.

அங்க இருந்து பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை வழியா பாபநாசம். வீரவநல்லூர் தாண்டி ஒரு மார்க் டூ அம்பாசிடர் நின்னு போச்சு. வெயில் ஏறி பெட்ரோல் லைன்ல ஆவி அடச்சிருக்கு, பம்பு மேல ஈரத் துணி சுத்தி கொஞ்ச நேரம் விட்டா கெளம்பிரும், எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். அந்த வண்டிக்காரர் பழக்கதோஷத்துல போன எடுத்து அண்ணாச்சி நம்பர தேடிட்டார். யாரும் ஒண்ணும் சொல்லல. கண்டிஷன் இல்லாத வண்டிய கூட்டத்துல சேத்தது சரியில்ல, முந்துன வாரமே ஒவ்வொரு வண்டியையும் பாத்திருக்கணும், முன்னாடி எல்லாம் அந்த வேலைய அவர்தான் செய்வார்னு அப்பதான் ஒறச்சுது.

பாபநாசத்துல படித்துறையில மகனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுனோம். இட்லி சாப்ட்டுட்டு திரும்பியாச்சு.

வண்டி யாருக்கு

இதுக்குள்ள வெளியூர் ஆளு ஒருத்தர் நல்ல வெல சொல்லி மகனுக்கு போன் அடிச்சிருக்கார். க்ளப்பே வாங்கி வைக்கணும்னு சிலர் குதிச்சாங்க. மூணு மாசம் வர நாமளா வாய தொறக்கக் கூடாதுன்னு முடிவெடுத்தோம், எளவு வீட்டுல நாமளும் வெல பேசுனா, நேத்து வர பாசம்னு சொன்னதுக்கு அர்த்தம் இல்லாம போயிரும். இத ஒத்துக்கிடாத ரெண்டு பேரு குரூப்ப விட்டே போயிட்டாங்க, இன்னும் வரல.

ஃப்ளெக்ஸ் பணத்துல ட்ரன்னியனும் செங்குத்து கம்பியும் இங்கிலாந்துல இருந்து வரவழைச்சோம், ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் இதே குடும்பத்து பார்ட்தான்ங்கதால அங்க இன்னும் கெடைக்குது. அடுத்தவங்க வண்டிக்கு க்ளப் பணமான்னு கேள்வி வந்துது, நியாயமான கேள்விதான். இது அன்பளிப்பு, இத வச்சு வண்டி மேல க்ளப்புக்கு எந்த உரிமையும் இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதி மதினிகிட்ட குடுத்தோம். பின்னாடி வித்தாலும் சங்கடம் வரக்கூடாதுலா. மதினி விக்கல. ஃபார்ம் 31 கெடுவுக்குள்ள போட்டு, ஆர்.சி. இப்ப அவங்க பேர்ல.

இனி எப்படி

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு: எங்க எந்த ஆயில், எங்க கிரீஸ் கூடாது, ஆர்.சி. தேதி, இன்சூரன்ஸ் தேதி, எந்த மேஸ்திரி. ஒரு காப்பி க்ளோவ் பாக்ஸ்ல, ஒரு காப்பி வீட்டுல உள்ளவங்க கையில. ஹெரால்டு ட்ரன்னியன் பக்கத்துல "கியர் ஆயில் மட்டும்"னு பெயிண்டுலயே எழுதியாச்சு. ஆர்.சி.யில நாமினி பேரு சேக்க 2021ல இருந்து வழி இருக்கு, அத எல்லாரும் செய்யணும்னு கேட்டிருக்கோம், பேர் மாத்துததுல வீட்டம்மா படுத பாடு பாதி கொறையும். நெனவு நாளுக்கு எந்த வண்டி எடுத்தாலும் மேஸ்திரி பாத்தபெறகுதான் வாக்கு குடுக்கணும். மூத்தவங்க மூணு பேருகிட்ட தெரிஞ்சத எல்லாம் போன்ல ரெக்கார்டு பண்ணச் சொல்லி, அன்னைக்கு ஹெரால்ட தள்ளணும்னு நின்ன பசங்ககிட்டயே அந்தப் பொறுப்ப குடுத்திருக்கோம்.

சீட்டு பாதி பேருதான் எழுதிக் குடுத்திருக்காவ. ஹெரால்டுக்கு ட்ரன்னியன் மாட்டியாச்சு, பிரேக் வேலையும் டயரும் பாக்கி.